குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலும் வாழிடச் சான்றும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களைப் பண்டைய மலைநிலத் தாவரப் பதிவாகக் கொள்வோர் உளர். அக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. ஒரு தாவரம் எங்கு வளரும் என்பதை உயரம், மழை, மண், நீர்நிலை ஆகியன வரையறுக்கின்றன. குறிஞ்சி எனக் கருதப்படும் நீலக்குறிஞ்சி ஏறத்தாழ 1300 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்புல்வெளிகளில் வளர்கிறது. தாமரைக்குத் தேங்கிய நீரும் சேறும் வேண்டும். தாழையும் ஞாழலும் சங்கப் பாடல்களில் பெரிதும் கடற்கரைக்கு உரியன. இவை அனைத்தும் அப்பட்டியலில் ஒருங்கே இடம்பெறுகின்றன. அதிலும், நெய்தற்குரிய தாழையைத் தொடர்ந்து முல்லைநிலத் தளவமும் மருதத்துத் தாமரையும் வருதல் காண்க. அவற்றை இணைப்பது மோனையே.

ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வரின், வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது தொல்காப்பியர் கருத்து. செய்யுளுக்கு வகுத்த விதி இது, தாவரவியலார்க்கு அன்று. ஆகவே 99 என்னும் எண்ணை மேற்குத்தொடர்ச்சி மலையின் பல்லுயிர் வளத்துக்கு அளவுகோலாக்குதல் பொருந்தாது.

அதனால் இப்பாட்டில் சூழலியல் சான்றே இல்லை எனவும் ஆகாது. தினைப்புனமும் அதில் வந்து படியும் பறவையும் நிகழ்ச்சியோடு பிணைந்துள்ளன. கதிர் முற்றும் பருவத்தில் பறவைகள் வருவதனாலேயே காவல் தேவைப்படுகிறது. அக்காவலுக்காகவே தலைவி புனத்திற்கு அனுப்பப்படுகிறாள். நிலத்துக்கும் உயிர்க்கும் உள்ள உறவை ஆய்வோர் இங்கிருந்து தொடங்கலாம்.