சிறு கீறல் உண்டு

வாங்கும் எண்ணமே இல்லாமல் ஓஎல்எக்ஸ் விளம்பரங்களைப் படிப்பவன் நான். வரிக்கு இத்தனை என்று காசு கொடுத்த செய்தித்தாள் காலத்துச் சிக்கனம் அவற்றை விட்டு இன்னும் போகவில்லை: ‘சிங்கிள் ஓனர், வீடு மாற்றம், விலை பேசலாம்.’ மூன்றில் கடைசியைத் தாராளமாக நம்பலாம்.

புதிதாக விற்பவர் பீரோவைப் பளபளவென்று துடைத்துப் படமெடுப்பார். கைதேர்ந்தவர் துருப்பிடித்த அடிப்பக்கத்தையும் கிட்டத்தில் எடுத்துப் போடுவார். அதனால் வீடு வரை வந்து முகம் சுளிப்பவர்கள் குறைவார்கள். பேரத்துக்கென்று 500 ரூபாய் ஏற்றியும் வைத்திருப்பார். ‘பணம் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்பவரிடம் மட்டும் பேச்சை வளர்க்க மாட்டார். யுபிஐயில் பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ‘லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ?’ என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குத்தான் அவரிடமும் மருந்தில்லை.