மன்தேஞ்ஞாவின் ‘வெற்றி மாதா’: ஒரு சமூகவியல் நோக்கு

மறுமலர்ச்சிக்கால இத்தாலியின் தாய்-சேய் ஓவியங்களை மனிதநேயத்தின் மலர்ச்சியாகக் காண்பது கலை வரலாற்று நூல்களிலே வழக்கமாகிவிட்டது. பொற்புலத்தில் உறைந்திருந்த மரியாள் சதையும் உணர்வுமுள்ள தாயாக மண்ணிலிறங்கினாள் என்பர். இக்கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆயின் அத்தாயின் அன்பு யாரை நோக்கி நீண்டது, அதன் செலவை யார் இறுத்தனர் ஆகிய வினாக்கள் எழுப்பப்படாதவரை அது அரைகுறையானதே. அந்திரேயா மன்தேஞ்ஞா 1496இல் நிறைவுசெய்த ‘வெற்றி மாதா’ இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது.

1493இல் இத்தாலியின் மாந்துவா நகரில் தானியேலே டா நோர்சா என்னும் யூத வங்கியாளர் வீடொன்றை வாங்கினார். அதன் சுவரில் மரியாளின் உருவம் தீட்டப்பட்டிருந்தது. திருச்சபையின் அனுமதியைப் பெற்றே அவர் அதனை அகற்றினார். எனினும் நகரத்தார் கொதித்தெழுந்தனர். 1495 யூலை 6ஆம் நாள் போர்னோவோவில் பிரெஞ்சுப் படையுடன் பொருத மாந்துவாவின் ஆட்சியாளன் பிரான்செஸ்கோ கொன்சாகா, அதனைத் தன் வெற்றியெனப் பறைசாற்றினான். (பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ள்ஸ் தப்பிச் சென்றமையால் அவ்வெற்றியே ஐயத்துக்குரியது. நெப்போலியன் காலத்தில் இவ்வோவியத்தைக் கவர்ந்து சென்றோரும் பிரெஞ்சுக்காரரே. இன்று அது பாரிசின் லூவர் அரும்பொருளகத்தில் உள்ளது.) நேர்த்திக்கடனான ஓவியத்தின் செலவு, 110 டுக்கற், நோர்சாவின்மீது சுமத்தப்பட்டது. அவரது வீடும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஆலயம் எழுந்தது. போரின் ஓராண்டு நிறைவன்று ஓவியம் ஊர்வலமாக அங்கு கொண்டுசெல்லப்பட்டது.

கனிகள் செறிந்த பந்தலின்கீழ் மாதா வீற்றிருக்கிறாள். கவசமணிந்து முழந்தாளிட்ட கொன்சாகாவின் தலைக்குமேல் அவளது வலக்கரம் நீள்கின்றது. மிக்கேலும் ஜோர்ஜும் அவளது மேலாடையை விரித்துப் பிடிக்கின்றனர். விரித்த ஆடையின்கீழ் அடைக்கலம் தேடும் மக்கட் கூட்டத்தை வரைவதே இத்தாலிய மரபு. இங்கோ புனிதர் நீங்கலாகக் காணப்படும் சமகால மனிதன் ஆட்சியாளன் ஒருவனே.

மன்தேஞ்ஞாவின் ஆற்றலை இதனால் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அக்கரத்தின் கனிவு போலியன்று. மெய்யான கனிவாயிருப்பதனாலேயே அது கொன்சாகாவின் அதிகாரத்துக்குப் புனிதம் வழங்க வல்லதாகின்றது. வரட்டுச் சமூகவியல் இதனைக் காணத் தவறும். தூய அழகியலோ காண மறுக்கும்.

நோர்சாவைத் தேடுவோர் மாந்துவாவின் புனித அந்திரேயா பேராலயத்துக்கே செல்லல் வேண்டும். 1499 அளவில் பெயரறியா ஓவியரொருவர் தீட்டிய மற்றொரு தாய்-சேய் ஓவியம் அங்குள்ளது. கலைநுட்பத்தில் அது மன்தேஞ்ஞாவின் படைப்புக்கு அருகிலும் வராது. ஆனால் எதனையும் அது மறைக்கவில்லை. மேலே, யூதரின் துடுக்கு அடக்கப்பட்டது எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம். நடுவில் மாதாவும் பாலனும். அடியில், புனிதரின் காலடிக்கும் கீழே, நோர்சா குடும்பத்தினர் நால்வர். ஆடவரின் ஆடையில் யூதர் அணிய நிர்ப்பந்திக்கப்பட்ட மஞ்சள் வட்டம்.