உப்பு தாரோகாவின் கடைசிப் பக்கம்

தில்லியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரேம்சந்த் புதியவர் அல்லர். பாரதியும் புதுமைப்பித்தனும் நம் வீட்டு அலமாரியில் இருப்பார்கள். பிரேம்சந்தோ பரீட்சை வழியாக வீட்டுக்குள் வந்துவிடுவார். அவருடைய ‘நமக் கா தாரோகா’, அதாவது ‘உப்பு தாரோகா’, பதினோராம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்ற சிறுகதை. பேத்திக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்: “தாத்தா, வம்சீதர் கடைசில ஜெயிச்சாரா, தோத்தாரா?” கைடு புத்தகம் ‘அறம் வென்றது’ என்கிறது. அதை அப்படியே நோட்டில் எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை நடப்பது வெள்ளையர் ஆட்சியில், உப்புக்கு வரி இருந்த காலத்தில். வேலை தேடிப் புறப்படும் வம்சீதருக்குத் தந்தை புத்தி சொல்கிறார். பதவியின் பெருமையைப் பார்க்காதே, மேல்வரும்படியைப் பார் என்பது அதன் சாரம். மகன் உப்பு இலாகாவில் தாரோகா ஆகிறான். ஒரு நள்ளிரவில், யமுனைப் பாலத்தில், பெருஞ்செல்வரான பண்டித அலோபிதீனின் கள்ள உப்பு வண்டிகளை மறிக்கிறான். லஞ்சப் பேரம் ஆயிரம் ரூபாயில் தொடங்கி நாற்பதாயிரம் வரை ஏறுகிறது. அவன் மசியவில்லை, பண்டிதரைக் கைது செய்கிறான். நீதிமன்றமோ பண்டிதரை விடுவிக்கிறது. ஒரே வாரத்தில் வம்சீதரின் வேலையும் போகிறது.

இந்தப் பகுதியைப் படிக்கும் தமிழர் ‘வடக்கே எல்லாம் இப்படித்தான்’ என்று சொல்லிவிட முடியாது. இந்திக்காரர் ‘மேல்வரும்படி’ என்பதை நாம் ‘கிம்பளம்’ என்கிறோம். சம்பளத்தின் கூடப் பிறந்தது போல எதுகையோடு அதற்குப் பெயர் வைத்தவர்கள் நாம். அங்கே ‘தஸ்தூரி’, இங்கே ‘மாமூல்’. பாரசீகம், அரபு வழி வந்த இவ்விரு சொற்களின் வேர்களுக்கும் ‘வழக்கம்’ என்ற பொருள் உண்டு. குற்றத்தை வழக்கமாக்கிவிட்டால் உறுத்தாது என்பது வடக்கும் தெற்கும் சேர்ந்து கண்ட வழி. தொழில் தர்மத்தில் ஊருக்கு ஊர் வேற்றுமை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி சொல் வேற்றுமையே.

பிரேம்சந்தின் கூர்மை வீட்டுக்குள்தான் முழுமையாகத் தெரிகிறது. வேலையிழந்து திரும்பும் மகனைத் தந்தை ஏசுகிறார். மனைவி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாய்க்கோ ஜகந்நாதமும் இராமேசுவரமும் போகும் ஆசை மண்ணாய்ப் போன வருத்தம். நம் ஊர்க் கோயிலுக்கு வரவே அந்த அம்மாள் மகனின் கிம்பளத்தை நம்பியிருந்தாள்! லஞ்சத்தை வாங்குவது ஒரு கைதான்; அதற்காகக் காத்திருப்பது ஒரு குடும்பம். இதை இத்தனை சுருக்கமாகக் காட்டிய கதைகள் குறைவு.

இனி, கடைசிப் பக்கம். அலோபிதீன் தாமே வம்சீதரின் வீடு தேடி வருகிறார். தம்மைத் தோற்கடித்தவன் இவன் ஒருவனே என்று புகழ்ந்து, தம் சொத்து முழுவதற்கும் நிரந்தர மேலாளர் பதவி தருகிறார். ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் சம்பளம், குதிரை, பங்களா, ஆட்கள். கண் கலங்கியபடி வம்சீதர் கையெழுத்திடுகிறார். இதைத்தான் அறத்தின் வெற்றி என்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு ஐயம். அடுத்த மாதம் பண்டிதரின் உப்பு வண்டிகள் மறுபடி பாலம் ஏறினால், மேலாளர் வம்சீதர் என்ன செய்வார்? அந்த வண்டிகளின் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவார்?

‘நமக்’ என்பது உப்பு மட்டுமன்று, விசுவாசத்தையும் குறிக்கும். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. இரு மொழியினரும் நேர்மையைச் சோறு போட்டவரிடம் காட்டும் நன்றியாகவே புரிந்துகொண்டோம். அலோபிதீன் விலைக்கு வாங்கியது இந்த நன்றியைத்தான். நாற்பதாயிரத்துக்குக் கிடைக்காத மனிதர் மரியாதையான சம்பளத்துக்குக் கிடைத்துவிட்டார்.

இது எனக்குத் தெரியும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். இங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதினேன். “மதராசி பாபு ஒரு பைசா தொடமாட்டார்” என்று முதலாளி வந்தவரிடமெல்லாம் சொல்வார். பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும். நான் தொடவில்லை, உண்மை. ஆனால் பில் பாஸ் ஆக, இன்ஸ்பெக்டர் வராமலிருக்க என்று போன உறைகளுக்கெல்லாம் ‘சன்ட்ரி எக்ஸ்பென்சஸ்’ என்று அழகான கையெழுத்தில் வவுச்சர் போட்டவனும் நானே. வீட்டில் சொன்னதில்லை. பேத்தியின் கேள்விக்குத் திணறியதும் அதனால்தான்.

1996-இல் வந்த ‘இந்தியன்’ படத்தை இங்கே ஒப்பிடலாம். அதில் சேனாபதி லஞ்சம் வாங்குவோரைக் கொல்கிறார். பெற்ற மகனையும் விடவில்லை. நாம் கைதட்டினோம். ஆயினும் அதுவும் கொடுப்பவரைப் பெரும்பாலும் ஏழையாக, வேறு வழியற்றவராகவே காட்டிற்று. தன் லாபத்துக்காகக் கொடுக்கும் அலோபிதீன்களும், அதைக் கணக்கில் மறைக்கும் நம் போன்றோரும் இரண்டிலும் தப்பிவிடுகிறோம். இந்த இடைவெளியைச் சட்டம் பின்னரே தொட்டது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது, அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பது நேரடிக் குற்றமாயிற்று. அதனால் ஆதாயம் தேடும் நிறுவனமும் பொறுப்பாயிற்று. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்குண்டு.

பிரேம்சந்தைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1921-இல் அரசுப் பணியை உதறியவர் அவர். இலட்சியம் நோக்கிய யதார்த்தம் என்று அவர் கருதிய வழியில் பிறந்த முடிவு இது. 1936-இல் வந்த ‘கோதான்’ நாவலில் இத்தகைய ஆறுதல் எதையும் அவர் தரவில்லை.

பேத்தியிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: “பாலத்துல ஜெயிச்சார்மா. வீட்டு வாசல்ல என்ன ஆச்சுங்கறதை நீயே யோசிச்சு எழுது.” என் வவுச்சர்களைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, கைடை மூடி வைத்து எழுதத் தொடங்கினாள்.