பென் டிரைவும் பெயரிழந்த கர்த்தாக்களும்

பொள்ளாச்சியிலிருந்து கிணத்துக்கடவு வழியாகக் கோவைக்கு ஓடும் தனியார் பேருந்துகளில் பிரயாணம் செய்வோர்க்கு, ஓட்டுநரின் அருகே பாட்டுப்பெட்டியில் செருகி நிற்கும் பென் டிரைவ் புதிய வஸ்துவன்று. அதன் வழியே கேட்கும் சங்கீதம் சங்கீதமே அன்று என்று வைதீக ரசிகர்கள் சொல்வதையும், அதைவிட வேறென்ன வேண்டும் என்று பிரயாணிகள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். இரு தரப்பாரும் மெய்யான குறையைக் காணத் தவறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் உருவாக்கிய எம்பி3 முறைக்கு, உரத்த ஒலியின் அண்மையில் எழும் மெல்லொலியைச் செவி பொருட்படுத்துவதில்லை என்ற தத்துவமே ஆதாரம். குறுந்தகடு விநாடிக்கு 14 லட்சம் பிட்டுகளுக்கு மேல் செலவிட, நம்மூர்க் கோப்புகளில் பல 1,28,000 பிட்டுகளிலேயே காரியத்தை முடித்துக்கொள்கின்றன. ஆகவே 1 ஜிபி இடத்தில் ஏறக்குறைய 17 மணி நேரப் பாட்டு அடங்கிவிடுகிறது. இதில் நாதம் சிதைகிறது என்ற வாதம் பேருந்துக்குள் செல்லாது. எஞ்சினின் உறுமலும், கண்ணாடிகளின் கடகடப்பும், ஏர் ஹாரனும் எம்பி3 கழித்ததைக் காட்டிலும் அதிகமாகத் தாமே கழித்துவிடுகின்றன. அதே கோப்பை இரவில், நிசப்தமான வீட்டில், நல்ல ஹெட்போனில் கேட்டால் நிலைமை வேறு. குறியாக்கி ஒலியைச் சிறு கூறுகளாக அறுத்துக் கணக்கிடுவதால் நேரும் பிழை கூறு முழுவதும் பரவி, ஜமாப் மேளத்தின் அடி விழுவதற்கு முன்னரே ஒரு மெல்லிய இரைச்சலாகத் தலைகாட்டுகிறது. ஏற்கெனவே சுருக்கியதை விநாடிக்கு 3,20,000 பிட்டுகளுக்கு மாற்றி ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்று மகுடம் சூட்டுவதோ சுத்த வியர்த்தம். எறிந்த ஒலி மீளாது, இடந்தான் அடையும்.

சௌகரியத்தைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறைக்கு ஏறுகையில் செல்போன் சிக்னல் அறுந்துபோகும் இடங்களிலும் பென் டிரைவின் பாட்டு அறுவதில்லை. சந்தா கிடையாது, ஒப்பந்தம் முறிந்ததென்று ஒருநாள் பாட்டு மறைந்துபோகும் பயமும் கிடையாது.

ஆனால் ரசனையின் கதை அவ்வளவு சுகமானதன்று. கேசட் நாட்களில் பதிவுக் கடைக்குப் போகிறவர் தம் கைப்பட எழுதிய பட்டியலோடு போனார். 60 அல்லது 90 நிமிஷத்துக்குள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யோசித்தாக வேண்டியிருந்தது. இப்போது செல்போன் கடையில், “பாட்டு ஏத்திக் குடுங்ண்ணா” என்ற ஒரே வாக்கியத்தில், கடைக்காரர் வைத்திருக்கும் கோப்புறை அப்படியே வந்து இறங்கிவிடுகிறது.

அதனினும் பெரிய குறை, கர்த்தாவின் பெயர் அழிவது. 1996-இல் எம்பி3 கோப்பின் வாலில் ஒட்டவைக்கப்பட்ட ஐடி3 குறிப்புக்கு மொத்த இடம் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30. பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என மூவர் சேர்ந்து ஆக்கும் நம் திரைப்பாடலுக்கு அதில் ஒரே ஆசனம்! 1998-இல் வந்த அடுத்த பதிப்பு ஏனைய இருவருக்கும் இடம் தந்தது. அவ்விடத்தை நிரப்புவார்தாம் இல்லை. பேருந்துப் பெட்டியின் சிறு திரையில் பாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கித் தந்த இணையதளத்தின் முகவரி ஊர்ந்துபோகிறது. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. ‘இளையராஜா ஹிட்ஸ்’ என்ற கோப்புறைக்குள் 1987-இன் ‘மனிதன்’ படப் பாட்டும் கிடக்க, அதற்கு இசையமைத்த சந்திரபோஸ் யாரென்றே அறியாமல் ஒரு தலைமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் ராயல்டியில் பங்குண்டு என்று 2012-இன் பதிப்புரிமைத் திருத்தம் வகுத்தது. பெயரே தெரியாதவருக்குப் பங்கை யார் நினைப்பார்?

குறிப்பைத் திருத்த இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரு பாட்டுக்கு ஒரு நிமிஷம் போதும். ஏற்றித் தருகிற கடைக்காரரே இதைச் செய்யலாம். அதற்கென்று தனிக் கூலி கேட்டாலும் கொடுக்கத் தகும்.