ராக்கெட்டுக்கும் ஒரு கூண்டு

தண்டையார்பேட்டையில் ராக்கெட் பார்க்க டிக்கெட் வேண்டாம், மொட்டைமாடி போதும். ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. மேகம் வழிவிட்டால், துணி காயும் கொடிக்கு மேலே ஒரு நெருப்புப் பொட்டு எழும்பி, கடல் பக்கமாகச் சாயும். 2025 நவம்பர் 2, ஞாயிறு மாலை 5.26க்கு அங்கிருந்து 4,410 கிலோ சிஎம்எஸ்-03 செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது ‘பாகுபலி’ என்று செல்லமாக அழைக்கப்படும் எல்விஎம்3 ராக்கெட்.

அந்த ராக்கெட்டை ஏவுதளத்துக்கு நகர்த்தியது அக்டோபர் 26. மோந்தா புயல் ஆந்திரக் கரையைக் கடந்தது 28 இரவு. ஏவி முடித்ததும் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன், ஆயத்த நாட்களில் வானிலை ஒத்துழைக்காததைச் சொல்லித் தன் குழுவைப் பாராட்டினார். பாராட்டட்டும். ஆனால் அந்தப் பாராட்டு டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் ‘புயலை வென்ற பாகுபலி’ ஆகிவிட்டது. இந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை. இன்று நேற்று வந்த சண்டையும் அல்ல.

திறமையைக் குறை சொல்ல வரவில்லை. 2018 நவம்பர் 14 அன்று, கஜா புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கடற்கரை முழுக்கக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது ஜிசாட்-29 மேலே போனது. கஜா 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அடுத்த மாதம் 17ஆம் தேதி பெய்ட்டி புயல் கரையைக் கடந்தது. 19ஆம் தேதி ஜிசாட்-7ஏ கிளம்பியது. புயலுக்கும் புயலுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியைக் கண்டுபிடிப்பது சாதாரண வேலை அல்ல. ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கடையைச் சாத்திவிட்டுப் போகவும் முடியாது. இதெல்லாம் ஒப்புக்கொண்டாயிற்று.

என் குறை ஒரு சின்னச் சொற்றொடரில் இருக்கிறது. 2020 நவம்பர் 7 அன்று பிஎஸ்எல்வி-சி49 ஏவப்படும் என்ற அறிவிப்பில், நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வால் ஒட்டியிருந்தார்கள்: ‘வானிலைக்கு உட்பட்டது.’ எந்த வானிலை? எவ்வளவு மோசமானால் நிறுத்துவார்கள்? அறிவிப்பு அதோடு வாயை மூடிக்கொண்டது.

வானிலை என்றதும் மழை என்று நினைப்போம். நனைவதால் மட்டும் ராக்கெட் கெட்டுப்போகாது. பெரிய பயம் மின்னலும் மேல்காற்றும்தான். ராக்கெட்டுக்குப் பின்னால் நீளும் நெருப்புவால் மின்சாரத்தைக் கடத்தும். சும்மா இருக்கிற மேகத்திலிருந்துகூட அது மின்னலை வரவழைத்துவிடும். 1969 நவம்பர் 14 அன்று அப்போலோ 12 கிளம்பிய முதல் நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் வாங்கியும் பிழைத்தது. 1987 மார்ச் 26 அன்று கிளம்பிய அட்லஸ்-சென்டார் பிழைக்கவில்லை; சுமந்துபோன செயற்கைக்கோளோடு அழிந்தது. மேல்காற்றைப் பலூன் விட்டு அளக்கிறார்கள். அன்றன்றைய காற்றுக்குத் தக்கபடி ராக்கெட் வளைந்து போகும் கணக்கைத் திருத்திக் கொடுக்கிறார்கள். திருத்தியும் தாங்காது என்றால் நிறுத்த வேண்டியதுதான்.

ஆக, இவையெல்லாம் அளந்து வைத்த எண்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா ஏவுதளத்தில், பத்துக் கடல்மைலுக்குள் மின்னல் வெட்டினால் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைப் பள்ளிப் பிள்ளைகூடப் படித்துக்கொள்ளலாம். வானிலையால் ஏவுதல் தடைபட இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சில நாள் முன்பே வெளியிடுகிறார்கள். 2020 மே 27 அன்று இரண்டு பேரைச் சுமந்து நின்ற ராக்கெட்டை, பதினேழு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது நிறுத்தினார்கள். காரணத்தை ஊரறியச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஏவினார்கள். நம் அறிவிப்போடு இப்படி ஒரு எண்ணும் வருவதில்லை. ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படத்தை வானிலைத் துறையின் தளத்தில் நாமும் பார்க்கலாம். மேகம் தெரிகிறது. அது எவ்வளவு கிட்டே வந்தால் கவுன்ட்டவுன் நிற்கும் என்பது மட்டும் தெரிவதில்லை.

காரணத்தை விலாவாரியாகச் சொன்னால் கேலி பேசுவார்கள், அமைப்பின் பெயர் கெடும் என்று இதற்கு ஒரு சமாதானம் உண்டு. இஸ்ரோவின் சொந்த வரலாறே அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. மங்கள்யான் 2013 அக்டோபர் 28 அன்று போயிருக்க வேண்டியது. ராக்கெட்டைப் பின்தொடரும் கருவிகளோடு தென்பசிபிக் போன நாளந்தா கப்பல், மோசமான வானிலையில் சிக்கி, ஃபிஜிக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. அதை அப்படியே சொல்லி நாளை நவம்பர் 5க்குத் தள்ளினார்கள். பெயர் கெட்டதா? 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது நாடே எழுந்து நின்று கைதட்டியது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் 2023 அக்டோபர் 21 சோதனையில் வானிலையால் முதலில் தாமதம். பிறகு, கிளம்ப ஐந்து விநாடி இருக்கும்போது கணினியே நிறுத்தியது. அன்றைய தலைவர் சோம்நாத் உடனே வந்து நடந்ததைச் சொன்னார். பத்து மணிக்கு ஏவினார்கள். நிறுத்தியதை அன்று யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியாதவர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. சொல்லத் தெரிந்தும் அதை வழக்கமாக்கிக்கொள்ளவில்லை என்கிறேன்.

இது பத்திரிகைக்காரனின் ஆர்வக்கோளாறு என்று நினைப்பவர்கள் காசிமேட்டுக்கு வரட்டும். அங்கே விசைப்படகு வைத்திருப்பவர் ஒருவர் எனக்கு அண்ணன் முறை. கார்த்திகை மாதத்தில் அவருக்கு இரண்டு வகை எச்சரிக்கை வரும். ஒன்று புயல் சின்னம், கடலுக்குப் போகாதே. இன்னொன்று ராக்கெட், வடக்கே போகாதே. முதலாவதில் காற்றின் வேகம், எந்தக் கடல், எந்தத் தேதி வரை என்று எல்லாம் இருக்கும். இரண்டாவதில் நாளும் நேரமும்தான். புயலால் அந்த நாள் தள்ளிப்போனால், புயலுக்கு ஒரு நாள், ராக்கெட்டுக்கு ஒரு நாள் என்று தொழில் இரண்டு முறை போகும். ஏவும் நாளில் கடலில் இறங்காதே என்ற உத்தரவு பழவேற்காட்டுக்காரர்களுக்குத்தான் முதலில் போகிறது. அவர்கள் பாடு இன்னும் மோசம். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருநாள் கேட்டார்: “புயலுக்குக் கூண்டு ஏத்துறாம்பா, பாத்துட்டு வலைய மடிச்சு வெச்சிர்றோம். ராக்கெட்டுக்கு இன்னா ஏத்துறான்?”

இதைவிடக் கூர்மையாக நான் கேட்டுவிட முடியாது. துறைமுகத்துக் கூண்டில் 1 முதல் 11 வரை எண் உண்டு. ஒன்று என்றால் புயல் தூரத்தில். பத்து என்றால் பேராபத்து. பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அற்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. மூன்று ஐந்தானதற்காக எந்தத் துறைமுக அதிகாரியும் வெட்கப்பட்டதில்லை. விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் எதற்கு இந்தக் கூச்சம்?

கூச்சத்தைவிட ஆபத்தானது அந்தப் ‘புயலை வென்ற’ வீரவசனம். புயலை யாரும் வெல்வதில்லை. அது போகும்வரை காத்திருக்கிறோம், அல்லது அது வேறு பக்கம் போய்விடுகிறது. ஏவியதற்கு மட்டும் மாலை போட்டுப் பழகிய ஊரில், “இன்று வேண்டாம்” என்று சொல்ல வேண்டிய வானிலைப் பொறியாளரின் குரல் தானாகவே இறங்கிவிடும். ராக்கெட்டின் மேல்முனையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கப்போகும் காலம் வருகிறது. அன்றைக்கும் அறிவிப்பில் இதே ‘வானிலைக்கு உட்பட்டது’ வால்தானா? இத்தனை வருடம் கேட்டபிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: கரையில் இருக்கும் எங்களை அவர்கள் மொட்டைமாடியில் நின்று கைதட்டும் கூட்டமாகத்தான் பார்க்கிறார்கள். இது கொஞ்சம் அதிகப்படியான பேச்சாக இருக்கலாம். எண்ணை வெளியிடட்டும், பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவின் பழக்கம் அங்கேயும் குடியேறுவதற்குள், முதல் ராக்கெட் நிமிர்வதற்கு முன்னால், கரையில் ஒரு கம்பத்தை நடட்டும். மின்னலுக்கு ஒன்று, மேல்காற்றுக்கு ஒன்று என்று கூண்டு ஏற்றட்டும். “மேல்காத்து சரியில்லையாம்ல, வெள்ளிக்கிழமை ராக்கெட்டு கிடையாதாம்” என்று பக்கத்து மணப்பாட்டு மீனவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குக் கிளம்பட்டும்.