மனோரமா: நாம் சிரித்த சிரிப்பு

1937இல் மன்னார்குடியில் பிறந்து 2015இல் சென்னையில் மறைந்த மனோரமாவை நாம் 'ஆச்சி' என்றே அறிவோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் நூலில் இடம்பெற்றவர். எனினும் அவரை மையமாக வைத்து எழுதப்பட்ட படங்கள் எத்தனை? 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. பிறகு பெரும்பாலும் வேலைக்காரி, கிழவி, கதாநாயகனின் தாய்.

பள்ளத்தூரில் வீட்டுவேலை செய்தே தாய் அவரை வளர்த்தார். நாடகமேடையில் பாடி நடித்துப் பிழைத்தவர், 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' மூலம் திரைக்கு வந்தார். தாய் செய்த வேலையை அவர் திரையில் செய்தபோது நாம் சிரித்தோம். ஊரில் நமது வீடுகளில் வேலைக்கு நின்றவர்களின் பேச்சையும் நடையையும் பார்த்துச் சிரித்த அதே சிரிப்புத்தான்.

இன்று திராமனில் அடுத்தவர் தின்ற கோப்பை கழுவுகிறோம். நாம் தட்டுத்தடுமாறிப் பேசும் நோர்வேஜிய மொழியைக் கேட்டுக் கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். இப்போதுதான் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நமக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. ஏ. பி. நாகராஜன் ஜில் ஜில் ரமாமணியைக் கொண்டுவருவது சிரிப்புக்காகத்தான். ஆனால் மனோரமா நடிக்கையில் அவள் தன் தொழிலுக்கு வெட்கப்படாத நாடகக்காரியாகிவிடுகிறாள். சிரிக்கிறோம், ஏளனம் செய்ய முடியவில்லை. வைரம் நாடக சபாவில் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரல்லவா!

'புதிய பாதை' (1989) படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அதுவும் துணை நடிகைக்கான விருது. அந்தத் 'துணை' என்ற சொல்லின் பாரம், குசினியில் நிற்கும் நமக்கு விளங்கும்.