மீளக் கூடியோர் இசை

பிரிந்த கலைஞர் மீண்டும் கூடினர் என்ற செய்தி கேட்டதும் இரசிகர் நெஞ்சம் கனிந்து விடுகின்றது. விமர்சனம் அவ்வாறு கனிந்துவிடலாகாது. விசுவநாதன் - இராமமூர்த்தி இரட்டையர் 1965 இல் பிரிந்து, முப்பது ஆண்டுகளின் பின்னர், 1995 இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ திரைப்படத்துக்காக மீண்டும் ஒருங்கே இசையமைத்தனர். அப்பாடல்களைப் பற்றி நம்மவர் பேசுவது அரிது. பேசுவோரும் ‘பழைய மெருகு போய்விட்டது’ என்ற பெருமூச்சோடு நின்றுவிடுகின்றனர். அம்மெருகு எங்கிருந்து வந்தது என்று கேட்போர் இலர்.

இருவரும் சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் ஊழியம் செய்தவர்கள். ஒருவர் வயலின், மற்றவர் ஆர்மோனியம். 1952 இல் சுப்பராமன் இளவயதிலேயே மறைந்தபோது, அவர் குறையாக விட்டுச்சென்ற பணியை இவர்களே முடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டிலேயே ‘பணம்’ படத்தின் வாயிலாக இருவர் பெயரும் இணைந்து வெளிவந்தது. மூத்தவரான இராமமூர்த்தியின் பெயர் பின்னால் நின்றது என்பதையும் குறித்துக்கொள்வோம். அக்காலத்து ஒலிப்பதிவு இன்றையது போன்றதன்று. பாடுவோரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் இயங்கினர். ஒருவர் பிசகினால் அனைவரும் மறுபடி தொடங்கவேண்டும். ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வாசித்த அந்தக் கூட்டு உழைப்பே, கண்ணதாசனின் சொல்லோடு சேர்ந்து, நாம் மெருகு என்று கூறும் பொருளை ஈன்றது. எமது தம்பலகாமத்து வயல்வெளி மக்களும் இலங்கை வானொலியின் வழியே அதனைக் கேட்டுத் தமதாக்கிக் கொண்டனர்.

பிரிவின் பின் விசுவநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்திக்குக் கிடைத்தவை இருபதை எட்டவில்லை. இதனைக் காட்டி, மேதைமை முழுவதும் ஒருவரிடமே இருந்தது எனத் தீர்ப்பளிப்போர் உளர். இத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. படத்தயாரிப்பாளரின் பணப்பை எவரை நாடியது என்பது சந்தைக் கணக்கு. கலைக் கணக்கு அன்று. தனியே நின்று ‘நான்’, ‘தங்கச் சுரங்கம்’ ஆகிய படங்களுக்கு இசை தந்தவரைத் துணைக்கையாள் என்று ஒதுக்குவது, உழைப்பை மறைத்துப் பெயரை மட்டும் வழிபடும் பழக்கமேயாகும்.

1995 இன் பாடல்களோ இனிமை இல்லாதன அல்ல. எனினும் அவை மக்கள் நாவில் நிலைக்கவில்லை. ‘சித்திரம்’ என்ற மலையாளப் படத்தின் தழுவலுக்கு இசையமைக்கவே இருவரும் அழைக்கப்பட்டனர். கண்ணதாசன் 1981 இலேயே மறைந்துவிட்டார். தனித்தனித் தடங்களாகப் பதிந்து பின்னர் இணைக்கும் முறை தொழிலில் வேரூன்றிவிட்டது. ‘ரோஜா’ வெளியாகி மூன்றாண்டுகள் ஆகியிருந்தமையால், கேட்போர் செவியும் வேறொரு ஒலிக்குப் பழகியிருந்தது. பெயர்கள் இரண்டும் திரும்பி வந்தன. அவற்றைத் தாங்கிய கூடம் திரும்பவில்லை. 2012 இல் தமிழக அரசு இருவரையும் ஒருங்கே கௌரவித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் இராமமூர்த்தி காலமானார்.

அவ்வாண்டு ஜூனில் இங்கிலாந்தில் வெளியான ஓர் இசைத்தொகுப்பும் இங்கு நினைக்கத்தக்கது. பிளாக் சபாத் என்னும் ஹெவி மெட்டல் குழுவின் ‘13’ அது. பேர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் வர்க்கத்தினின்று எழுந்த நால்வரின் குழு இது. கிற்றார் கலைஞர் டோனி ஐயோமி தமது பதினேழாம் வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் வேலையின் இறுதி நாளன்று, இயந்திரத்துக்கு இரு விரல் நுனிகளைப் பலிகொடுத்தார். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைக் கட்டி, நாளடைவில் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். அவ்விசையின் கனத்த ஒலியில் தொழிற்சாலைக்கும் பங்குண்டு. கூச்சல் என்று முகஞ்சுளிக்கும் நம் சங்கீத வித்துவான்கள் இதனை அறிதல் நன்று.

‘13’ இல் பழைய ஒலி பெருமளவு மீட்கப்பட்டது. முதற்பாடல் 1970 ஆம் ஆண்டுப் பாடலொன்றின் நடையையே பின்பற்றுகின்றது; இறுதிப் பாடல் அக்காலத்து மழையொலியிலும் மணியோசையிலும் சென்று முடிகின்றது. தன்னைத் தானே நகலெடுக்கும் இம்முயற்சி சில இடங்களில் சலிப்பூட்டுகின்றது. ஆயினும் புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவே வாசித்த ஐயோமியின் கிற்றாரில் சோர்வில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. மேளக் கலைஞர் பில் வார்ட், தாம் ஒப்பமிடத்தக்க ஒப்பந்தம் தரப்படவில்லை என்று 2012 இல் அறிவித்து விலகி நின்றார். பிராட் வில்க் அவரிடத்தை நிரப்பினார். தாளம் பிசகவில்லை, ஜாஸ் இசையில் ஊறிய வார்டின் தளர்ந்த, அசைந்தாடும் நடை மட்டும் அங்கில்லை. இத்தொகுப்பு பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. அக்குழுவுக்கு அங்கு அவ்விடம் கிட்டி 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்காவிலோ அதுவே முதன்முறை. நால்வரின் குழுவாக எழுந்த பெயர் மூவரோடு நன்றாகவே விற்பனையாயிற்று.

2025 ஜூலை 5 அன்று பேர்மிங்காம் மைதானமொன்றில் வார்ட் மீண்டும் மேளத்தின் முன் அமர்ந்தார். பதினேழு நாட்களின் பின் பாடகர் ஒஸ்போர்ன் மறைந்தார். நால்வரும் சேர்ந்து உருவாக்கிய முழுமையான இசைத்தொகுப்பு 1978 இல் வெளியானதே கடைசி.